பட்டியலில் இல்லாத பதினேழு

உங்கள் மேனேஜர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "புதுசாச் சேர்ந்திருக்கற மெர்ச்சண்டைசர் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டுவிட்டுப் போனான். என்னத்தை எழுத? நூல், சாயம், சுருக்கம், அளவு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். என் தப்புகளைப் பட்டியல் போட்டால் ஒரு நோட்டு நிறையும். ஒரு தடவை இடது கைக்குப் போக வேண்டிய பட்டை ஆர்டர் முழுக்க வலது கையில் ஏறிவிட்டது. இன்னொரு தடவை கருநீலம் கேட்ட துணி கத்திரிக்காய் நிறத்தில் வந்து நின்றது. அதற்கெல்லாம் திட்டு வாங்கினோம், திருத்தினோம், மறந்தோம்.

மறக்க முடியாதது ஒன்றே ஒன்று. அதில் துணியிலும் குறையில்லை, தையலிலும் குறையில்லை. அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பை மட்டும் நம்பினால் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. சோமனூர் போகிற வழியில் எங்கள் கம்பெனி. ஐம்பது தையல் மெஷின், ஒரு முதலாளி, ஒரு நான். ஆர்டர் பேசி முடித்து அனுப்புகிற மெர்ச்சண்டைசரும் நான்தான், குவாலிட்டியும் நான்தான், ஃபேக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் இழுத்து எடுப்பவளும் நான்தான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

ஆர்.எஸ்.புரத்துக் கான்வென்ட் ஒன்றில் ஒரு சிஸ்டர் இருந்தார். நம் பக்கத்து ஆள்தான். கனடாவில் கியூபெக் என்று ஒரு பகுதி இருக்கிறதே, பிரெஞ்சு பேசுகிறவர்கள் இருக்கும் பகுதி, அங்கே ஒரு சின்ன ஊரில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஊர் ஐஸ் ஹாக்கி டீமுக்குப் புது ஜெர்சி வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். சிஸ்டர் எங்கள் முதலாளியிடம் வந்து நின்றார். மொத்தமே இருபது பீஸ். இருபது பீஸுக்கு எந்தக் கம்பெனியும் மெஷினை ஓட்டாது. ஆனால் முதலாளியின் இரண்டு பெண்களும் அந்தக் கான்வென்ட் பள்ளியில் படித்தார்கள். ஓட்டினோம்.

ஐஸ் ஹாக்கி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. பனிக்கட்டித் தரையில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் போட்டு வழுக்கிக்கொண்டே ஆடுவது என்று சிஸ்டர் விளக்கினார். அளவைப் பார்த்த கட்டிங் மாஸ்டர், "ஏனுங் சிஸ்டர், இது ஆளுக்குச் சட்டைங்களா, அம்பாசடர் காருக்கு உறைங்களா?" என்று கேட்டார். உள்ளே தோளுக்கும் முழங்கைக்கும் கவசம் கட்டுவார்களாம்.

"அங்க ஆறு மாசம் பனி, கண்ணு" என்றார் சிஸ்டர் என்னிடம். "அந்த ஆறு மாசமும் ஊருக்கு ரெண்டே எடந்தான். ஒண்ணு கோயில், இன்னொண்ணு ஆட்டக்களம். சனிக்கெழமை பொழுதோட ஊரே டிவி முன்னால உக்காந்துக்கும். அவங்க டீம் தோத்துட்டா மறுநா பூசையில பாட்டுச் சத்தமே வெளிய வராது. நான் போன புதுசுல பங்குச் சாமியாரே அங்கிய இடுப்புல செருகிக்கிட்டு கோல் நிப்பாரு. சுத்தியும் இங்கிலீஷ் பேசற நாடு. நம்ம பேச்சு, நம்ம கோயிலு, நம்ம ஆட்டம், இந்த மூணும் போச்சுன்னா அப்பறம் நாம ஆருங்கறது அவங்க பயம். அதனால ஜெர்சிய அவங்க வெறுந் துணியா நெனைக்க மாட்டாங்க. பாத்துச் செய்யி."

பார்த்துச் செய்கிறேன் என்றுதான் சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மே மாதம் அந்த ஊரிலிருந்து பார்சல் வந்தது. அதற்குள் சிஸ்டர் ஒரு மாதத் தியானத்துக்குக் கேரளாவில் இருக்கும் தலைமை மடத்துக்குப் போய்விட்டார். பார்சலில் நான்கு பொருள்கள். முதலாவது, டைப் அடித்த ஆர்டர் பட்டியல். எண், அளவு, ஆட்டக்காரர் பெயர். அதைப் படிக்கப் பிரெஞ்சு தேவையில்லை. இரண்டாவது, டீமின் போட்டோ. முன்வரிசையில் பத்துப் பேர் முழங்காலிட்டிருந்தார்கள். பின்வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். பின்வரிசையில் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தது. இரண்டு பக்கத்துப் பையன்களின் கைகளும் அந்த இடத்தில் யார் தோளிலோ போட்டிருக்கிற மாதிரி தூக்கி நின்றன. போட்டோக்காரனுக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்தேன். மூன்றாவது, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பழைய ஜெர்சி ஒன்று. நான்காவது, நீல மையில் கையால் எழுதிய கடிதம், இரண்டு தாள்.

கடிதம் பிரெஞ்சில் இருந்தது. ஜூன் கடைசியில் அவர்கள் ஊர்த் திருநாள், அன்று கோயிலில் மந்திரித்து ஜெர்சியைக் கொடுப்பார்கள் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்தால் பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேராது. மடத்துக்கு ஒரு தபால் போட்டிருக்கலாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கா பஞ்சம், ஃபேக்ஸ் அனுப்பியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வணக்கம், நன்றி, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக, இதைத் தவிர என்ன இருக்கப்போகிறது" என்று அதை ஃபைலில் குத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

எங்களுக்கு நம்பர் ஒட்டித் தைப்பதற்கு கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வருவார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் பாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் துணியில் வெட்டி வைத்து ஓரம் அடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. எண் எவ்வளவு உயரம், முதுகில் எந்த இடம் என்று அளவெடுக்க அந்தப் பழைய ஜெர்சியைத்தான் அவரிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இதுல நம்பர் இல்லீங்க."

"பழசு, உதிர்ந்திருக்கும் பாய்."

"உதிரலீங்க. பிரிச்சிருக்காங்க." ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக முதுகுப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். ஊசி ஏறி இறங்கிய ஓட்டைகள் வரிசையாக வெளிச்சப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒன்று. பக்கத்தில் ஏழு.

"ஒவ்வொரு தையலா அறுத்து எடுத்திருக்காங்க. ஒரு எடத்துலகூட துணி இழுக்கலை. எங்க தொழில்ல எவனுக்கும் இத்தனை பொறுமை கெடையாதுங்க. ஆரோ பல நாளு உக்காந்து பிரிச்சிருக்காங்க." அப்புறம் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதையும் பாருங்க. ஒண்ணுலருந்து இருவத்தொண்ணு வரைக்கும் போட்டிருக்காங்க. பதினேழு இல்லை. ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யலாமுங்க."

எனக்கு அதைப் பார்த்ததும் என்ன தோன்றியது? கேள்வி தோன்றவில்லை. சந்தோஷம்தான் தோன்றியது. ஆஹா, டைப் அடித்தவர்கள் ஓர் எண்ணை விட்டுவிட்டார்கள், நான் கண்டுபிடித்துவிட்டேன்! நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று வெளியாட்களிடம் சொல்ல நமக்கு வாய் வராது. சத்தமில்லாமல் நாமே சரிசெய்து, மேலே ஒன்று கொசுறாகவும் போட்டால்தான் மனசு நிறையும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு என்னைவிட சந்தோஷம்.

"இருவதுன்னு மொட்டையாவா அனுப்பறது? மொய் வெக்கறதுன்னாக்கூட மேல ஒண்ணு வெச்சுத்தான குடுக்கறோம். அந்தப் பதினேழையும் சேத்து இருவத்தொண்ணாப் போட்டு உடுங்க அம்மணி. அவங்க ஊரு நோம்பிக்கு நம்ம சார்பா இருக்கட்டும்."

பாய் மறுபடியும், "கேட்டுப்போட்டு…" என்று இழுத்தார். "செய்யுங்க பாய்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன். அவர் அந்த ஒன்றை மட்டும் மற்ற இருபதும் முடிகிறவரைக்கும் தொடவில்லை.

இனிமேல் சொல்வதை ஆற அமரப் படியுங்கள்.

அளவெடுத்து முடித்ததும் பழைய ஜெர்சியைச் சாம்பிள் ரூமில் ஹேங்கரில் மாட்டி வைத்தோம். மறுநாள் காலை செக்கிங் பார்க்கும் ருக்மணி வந்தாள். செக்கிங்கில் அவளை மிஞ்ச ஆளில்லை, கண்ணை மூடிக்கொண்டு தடவியே தையல் விட்ட இடத்தைச் சொல்வாள்.

"அக்கா, அந்தப் பழைய சட்டையத் தொவைச்சீங்களா?"

"இல்லையே."

"கை ரெண்டும் ஈரமா இருக்குதுங்க்கா."

போய்த் தொட்டுப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் நனைந்திருந்தன. இடுப்புப் பக்கத்து ஓரமும் அப்படித்தான். மற்ற இடமெல்லாம் காய்ந்த துணி. மே மாத வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், மின்விசிறிக் காற்றே சுடுகிற அறையில், அந்த ஈரம் மட்டும் ஐஸ் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி இருந்தது. இஸ்திரி மேஜையின் நீராவி பட்டிருக்கும் என்றேன். ருக்மணி இஸ்திரி போட்டுக் காய வைத்தாள். ஆவி பறந்தது, காய்ந்தது, மாட்டினோம். அடுத்த நாள் காலை மறுபடியும் முழங்கை வரைக்கும் ஈரம்.

இடம் மாற்றி மாட்டினேன். ஈரம். பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். ஈரம். கூரை ஒழுகவில்லை, குழாய் அந்தப் பக்கம் இல்லை. செக்கிங் பெண்கள் சாம்பிள் ரூமுக்குள் தனியாகப் போக மாட்டோம் என்றார்கள். ஒருத்தி, பட்டப்பகலில் கரண்ட் போய் மெஷினெல்லாம் நின்ற நேரத்தில், உள்ளே யாருக்கோ பல் தந்தியடிப்பது கேட்டது என்றாள். குளிரில் பல்லும் பல்லும் அடித்துக்கொள்ளுமே, அந்தச் சத்தம். அவளைத் திட்டி அனுப்பினேன். திட்டியது அவளை நம்பாததால் அல்ல. அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருந்தேன். உங்களுக்கு இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பயந்தவள் முதலில் வேலையை நிறுத்தி, என்ன விஷயம் என்று விசாரித்திருக்க வேண்டும். நான் வேலையை இன்னும் வேகமாக முடித்தேன். தொலைந்தால் போதும் என்றிருந்தது.

பேக்கிங் அன்று ருக்மணி எண்ணைக் கடைசியிலிருந்து வாசித்தாள், நான் பட்டியலில் டிக் அடித்தேன். பதினேழை நானே என் கையால் மடித்து, பதினெட்டுக்கு மேலே வைத்தேன். இருபத்தொன்று. டேப் ஒட்டி, கம்பெனி முத்திரை குத்தி, மெட்ராஸ் ஏர் கார்கோவுக்கு அனுப்பினோம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் கையால் வைத்தேன். பழைய ஜெர்சியைத் திருப்பி அனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாம்பிள் என்றால் நம்மிடம்தானே இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் வந்துவிட்டார் என்று தெரிந்து, வேலையை முடித்துவிட்ட பெருமையோடு கான்வென்ட்டுக்குப் போனேன். போகிற போக்கில் அந்தக் கடிதத்தையும் எடுத்துப் போனேன். வரவேற்பு அறையில் உட்கார்ந்து சிஸ்டர் முதல் தாளை வாசிக்க ஆரம்பித்தார். நாலு வரி போனதும் குரல் இறங்கியது.

"எழுதியிருக்கறது ஒரு அம்மா, கண்ணு. எனக்குத் தெரிஞ்சவங்க. அவங்க பையனுக்கு நாந்தான் ஞானோபதேசம் சொல்லிக் குடுத்தேன். அத்தனூண்டா இருப்பான்." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போயிட்டானாம். ரெண்டு வருஷம் ஆச்சாம். எனக்கு ஆரும் எழுதலையே. பனி முடியற நேரம், ஆத்து மேல ஆடிட்டிருந்திருக்கான். ஐஸு ஒடைஞ்சு உள்ள போயிட்டான். ரொம்ப நேரம் ரெண்டு கையாலயும் ஓரத்தைப் புடிச்சுட்டே இருந்தானாம். ஆளுங்க போய்ச் சேர்றதுக்குள்ள…"

 அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவன் நம்பரு பதினேழு. அதை இனி ஆரும் போடக் கூடாது. அங்க அப்படித்தான், கண்ணு. மனசுக்கு ரொம்ப வேண்டிய ஆட்டக்காரன் போயிட்டா அவன் நம்பரைக் களத்துக் கூரையில தூக்கிக் கட்டிருவாங்க. அப்பறம் அது அவனோடது மட்டுந்தான். இந்த அம்மா சட்டையிலருந்து நம்பரப் பிரிச்சு, ஒரு துணியில தெச்சுக் கூரையில ஏத்தியிருக்காங்க. ‘தயவுசெஞ்சு பதினேழு மட்டும் செய்யாதீங்க. திருநாள் அன்னைக்குப் பீடத்துக்கு முன்னால நானே பெட்டியைப் பிரிச்சு, ஒவ்வொரு நம்பராக் கூப்பிட்டு, ஒவ்வொரு பையன் கையிலயும் குடுக்கப் போறேன்’னு எழுதியிருக்காங்க."

இரண்டாவது தாளை அவர் எடுத்தபோது நான் எழுந்துவிட்டேன். "செஞ்சுபோட்டேன் சிஸ்டர்" என்றேன். "பதினேழையும் செஞ்சு பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பிப்போட்டேன்."

திருநாள் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரே நாள். ஊரே பார்க்க, பீடத்துக்கு முன்னால், அந்த அம்மா பதினாறு என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த சட்டையைக் கையில் எடுப்பார். அவர் பல நாள் உட்கார்ந்து பிரித்த எண்ணை நான் கொசுறாகத் தைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கம் போல வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை.

கடிதத்தின் அடியில் போன் நம்பர் இருந்தது. இரண்டு பேரும் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினோம். இங்கே மாலை ஆறு, அங்கே காலை. கண்ணாடிக் கூண்டுக்குள் சிஸ்டர் ரிசீவரைக் காதில் வைத்திருக்க, நான் ஒட்டி நின்றேன். எடுத்தது அந்த அம்மாதான். சிஸ்டர் முதலில் அழுதார். பிறகு ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினார். 

"பெட்டி வந்துருச்சாம். இன்னும் பிரிக்கலையாம். இப்பவே பிரிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் என்னிடம். "ஊரு முன்னால பாக்கறதுக்கு, ஊட்டுல தனியாப் பாத்துக்கட்டும்."

நான் ஒட்டிய டேப்பை அவர் கிழிக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு அந்த அம்மா எண்ண ஆரம்பித்தார். வேக வேகமாக அல்ல. ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, எண்ணைச் சொன்னார். சிஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. பதினாலு. பதினஞ்சு. பதினாறு.

அங்கே அடுத்ததை எடுத்தார். காகிதம் சரசரத்தது.

"பதினெட்டு" என்றார் சிஸ்டர்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. முடிந்தது. இருபது சட்டை. பெட்டி காலி.

"இல்லை சிஸ்டர், நான் வெச்சேன். என் கையால வெச்சேன், பதினெட்டுக்கு மேல வெச்சேன்" என்று நான் கூண்டுக்குள் கத்தினேன். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"அனுப்புன பழைய சட்டை காஞ்சுருச்சான்னு கேக்கறாங்க, கண்ணு."

அவர் கையில் இன்னும் படிக்காமல் இருந்த இரண்டாவது தாளைக் காட்டினேன்.

பூத்துக்கு வெளியே வந்து, தெருவிளக்குக்கு அடியில் நின்று சிஸ்டர் இரண்டாவது தாளை வாசித்தார். "‘கூட இருக்கற பழைய சட்டை சாம்பிளுக்கு இல்லை. மாடல் போட்டோவிலேயே இருக்கு. அவன் அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இது. ரெண்டு வருஷமா அடுப்புக்குப் பக்கத்துல போட்டுப் பாக்கறேன், கை காய மாட்டேங்குது. ஆருகிட்டச் சொன்னாலும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்கறாங்க. உங்க ஊரு வெயிலப் பத்தி சிஸ்டர் கதை கதையாச் சொல்லுவாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதை உங்க வெயில்ல காயப் போடுவீங்களா? காஞ்சா அனுப்புங்க. காயலைன்னா அங்கயே வெச்சுக்குங்க. அங்கயாவது அவனுக்குக் கதகதன்னு இருக்கட்டும்.’"

இத்தனை நாளும் அதை நான் இருட்டு அறையில் பூட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாயையும் ருக்மணியையும் கூட்டிக்கொண்டு சாம்பிள் ரூமைத் திறந்தேன். பழைய ஜெர்சி ஹேங்கரில்தான் இருந்தது. கொஞ்சம் உப்பலாக இருந்தது. ருக்மணி கழுத்துப் பக்கத்தை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே இன்னொரு சட்டை. கைக்குள் கை நுழைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக. வெளியே எடுத்தோம். பாய் தைத்த பதினேழு.

பாயைப் பார்த்தேன். "அல்லா மேல ஆணையா நான் எடுக்கலீங்க மேடம்" என்றார். ருக்மணி தானும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சாவி என் இடுப்பில் இருந்தது. ஆனால் அது என்னைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது வேறு. துணி பார்த்தே பிழைத்தவள் நான். மடித்து வைத்த துணியின் மடிப்பு எது, உடம்பில் போட்ட துணியின் மடிப்பு எது என்று எனக்குத் தெரியும். அந்தப் புதுச் சட்டையின் முழங்கை உள்பக்கம் சுருங்கி, அக்குள் தளர்ந்து, யாரோ சில நாளாகப் போட்டிருந்த மாதிரி இருந்தது.

ருக்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "குளுருதுன்னு மேல ஒண்ணு போட்டிருக்குது போலிருக்குங்க்கா, பாவம்" என்றாள். அவ்வளவுதான். எங்கள் மூன்று பேருக்கும் பயம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மொட்டை மாடிக் கம்பியில் இரண்டையும் விரித்துப் போட்டோம். ஜூன் மாதம், மேற்கே மேகம் மூடியிருந்தது. காற்று மட்டும் அடித்தது, வெயிலைக் காணோம். வேண்டுகிறபோது வராத வெயிலை நான் அன்று வாயில் வந்தபடி திட்டினேன். பழைய ஜெர்சியின் இரண்டு கைகளிலிருந்தும் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. பலமுறை இஸ்திரி போட்ட சட்டை. அதிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறங்கியிருக்கும். பாய் சாப்பிடப் போகவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உதட்டுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார்.

இரண்டு மணிக்கு மேகம் விலகியது. நம் ஊர் வெயில், சுள்ளென்று இறங்கியது. நாலு மணிக்குச் சொட்டுவது நின்றது. ஐந்து மணிக்கு ருக்மணி கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்தாள்.

"காஞ்சுபோச்சுங்க்கா" என்றாள்.

ஞாயிறு பார்த்தோம். திங்கள் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. செவ்வாய்க்கிழமை சிஸ்டர் ஒரு சின்னக் கடிதம் எழுதித் தர, பழைய சட்டையை அனுப்பி வைத்தேன். புதுப் பதினேழை என்ன செய்வது என்று பாயிடம் கேட்டேன். நம்பரைப் பிரித்துவிடலாமா என்றேன். "வேண்டாமுங்க. கேக்காமத் தெச்சோம். கேக்காமப் பிரிக்கவும் வேண்டாம்" என்றார். அது இன்றைக்கும் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. சித்திரை மாதம் ஒருநாள் எடுத்து வெயிலில் போட்டு வைப்பேன். ஈரமெல்லாம் இல்லை. ஒரு மரியாதைக்கு.

பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்தால், பிள்ளைகளே, அதை நிரப்பக் கை பரபரக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். யாரோ அந்த இடத்தை வேண்டுமென்றே, பல நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலாகக் காலி செய்திருக்கலாம். கேளுங்கள். கேட்டால் மரியாதை குறையாது. உங்களுடைய பாய் யாரோ, அவர் ‘ஒருக்காக் கேக்கலாமுங்க’ என்று சொன்னால் நில்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது. இந்த முறையும் நீல மை, இரண்டு தாள். உறையைப் பிரிக்காமலே பஸ் ஏறிக் கான்வென்ட்டுக்குப் போனேன். சிஸ்டர் முதல் தாளை எடுத்தார். இரண்டாவதை முதலில் படியுங்கள் என்றேன்.

அதில் ஒரே வரிதான் இருந்தது. சிஸ்டர் அதைத் தமிழில் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார்.

"‘இப்பவும் அவன் என் கனவுல வர்றான். நடுங்கறதில்லை.’"